மூட்டினுள் ஒரு விளக்கு

முழங்காலை மடித்துத் தரையில் அமர்வது ஜப்பானியரின் வழக்கம். காசநோய் மூட்டைத் தாக்கி விறைக்கச் செய்தால் அவ்வாறு அமர இயலாது. அந்நோயைத் தொடக்கத்திலேயே அறிய விரும்பிய டோக்கியோ மருத்துவர் கென்ஜி தகாகி, 1918இல், சிறுநீர்ப்பையை நோக்கும் குழாயைக்கொண்டு இறந்தவர் ஒருவரின் முழங்கால் மூட்டினுள்ளே பார்த்தார். அவருடைய மாணவரே மசாகி வதனாபே (1911–1995).

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆசிரியரின் பணியை வதனாபே தொடர்ந்தார். ஒரு கருவி செய்வார், அதன் குறை காண்பார், அடுத்ததைச் செய்வார். அவ்வரிசையில் 21ஆம் எண் கொண்ட அகநோக்கியே புகழ்பெற்றது. அதன் நுனியில் சிறு மின்குமிழ் எரிந்தது. அது மூட்டினுள்ளேயே உடைந்துவிடும் இடரும் இருந்தது. எனினும், அதற்குமுன் எவரும் அத்துணைத் தெளிவாக மூட்டின் உள்ளைக் கண்டதில்லை.

கிழிந்த குருத்தெலும்பை மூட்டைத் திறந்து முழுவதுமாக அகற்றுவதே அக்கால முறை. 1962 மே 4 அன்று, கூடைப்பந்து ஆடும் 17 வயது இளைஞர் ஒருவருக்கு, சிறு துளைகளின் வழியே கிழிந்த பகுதியை மட்டும் வதனாபே நீக்கினார். ஆறு வாரங்களில் அவ்விளைஞர் மீண்டும் ஆடுகளம் புகுந்தார்.

மேலைநாட்டு மருத்துவர் பலர் இதனைப் பொருட்படுத்தவில்லை. 1964இல் வேறோர் ஆய்வுக்காக டோக்கியோ வந்த கனடா நாட்டு மருத்துவர் ராபர்ட் ஜாக்சன், வதனாபேயிடம் இக்கலையைக் கற்றார். கைம்மாறாக அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். 1974இல் பன்னாட்டு மூட்டு அகநோக்கியியல் கழகம் தோன்றியபோது வதனாபே அதன் முதல் தலைவரானார். எலும்புகளைப் பிணைக்கும் சிலுவை நார் அறுந்த முழங்காலை, 1980இல் இங்கிலாந்தின் டேவிட் டேண்டி அகநோக்கியின் துணையோடு சீரமைத்தார். அப்போது வதனாபே எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.