கழற்றி மாட்டியே தொழில் கற்ற மெக்கானிக்... யார் இந்த சோய்சிரோ ஹோண்டா?

எந்த சிக்னலில் நின்றாலும் கண்ணில் படுகிற பெயர் ஹோண்டா. பலருக்கு அது ஒரு கம்பெனி, ஒரு பைக், ஒரு ஸ்கூட்டர். அவ்வளவுதான். ஆனால் அது ஒரு மெக்கானிக்கின் பெயர். இன்ஜினியரிங் பட்டம் கிடையாது. பெரிய இடத்துப் பிள்ளையும் கிடையாது. பழைய காரையும் பழுதான லாரியையும் பிரித்துப் போட்டு, எது ஏன் கெட்டது என்று பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர்.

அந்த ரிப்பேர் பட்டறை அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தது? எதைக் கற்றுக்கொடுக்கவில்லை? சோய்சிரோ ஹோண்டாவின் கதையே இந்த இரண்டு கேள்விக்குள் இருக்கிறது.

கொல்லன் வீட்டுப் பையன்

1906 நவம்பர் 17. ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில் கோம்யோ என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார் ஹோண்டா. அப்பா கிஹேய் கொல்லர். பின்னாளில் சைக்கிள் ரிப்பேர் கடையும் வைத்தார். அம்மா மிகா நெசவு நெய்பவர்.

சிறுவனாக இருந்தபோது முதன்முதலாக ஊருக்குள் ஒரு கார் வந்தது. மற்ற பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். இவர் பின்னாலேயே ஓடினார். கார் நின்ற இடத்தில் தரையில் சொட்டியிருந்த எண்ணெயைக் குனிந்து முகர்ந்து பார்த்தார். அந்த வாசனை கடைசி வரைக்கும் மறக்கவில்லை.

1917-ல் பக்கத்து ஹமாமட்சு நகரில் விமான சாகசம் நடக்கிறது என்று கேள்விப்பட்டார். வீட்டுக்குத் தெரியாமல் கொஞ்சம் சில்லறையை எடுத்துக்கொண்டு, அப்பாவின் பெரிய சைக்கிளில் கிளம்பிவிட்டார். கால் எட்டாது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே குரங்குப் பெடல்தான்! போய்ப் பார்த்தால் டிக்கெட்டுக்குக் காசு போதவில்லை. பைன் மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

மெக்கானிக் வேலை என்று போனால்... குழந்தை பார்க்கும் வேலை

1922-ல் பள்ளி முடிந்தது. ஒரு பத்திரிகையில் 'ஆர்ட் ஷோகாய்' என்ற டோக்கியோ ரிப்பேர் பட்டறையின் விளம்பரத்தைப் பார்த்து, வேலை கேட்டுக் கடிதம் எழுதினார். வரச் சொன்னார்கள்.

15 வயதில் டோக்கியோ போய் இறங்கினால், கையில் ஸ்பேனர் கிடைக்கவில்லை. முதலாளி யூசோ சகாகிபாராவின் கைக்குழந்தைதான் கிடைத்தது. மாதக்கணக்கில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதும், தரையைத் துடைப்பதும்தான் வேலை. ஊருக்கே ஓடிப்போய்விடலாமா என்று தோன்றியது. ஆனாலும் இருந்தார். முதுகில் குழந்தை, கண் மட்டும் பிரித்துப் போட்ட இன்ஜின் மேல்.

ஒருநாள் வேலை குவிந்துவிட, இவரையும் காருக்கு அடியில் படுக்கச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கையில் கிரீஸ் பட்டது.

நிலநடுக்கம் கொடுத்த பள்ளிக்கூடம்

1923 செப்டம்பர் 1. டோக்கியோவைப் புரட்டிப்போட்ட பெரும் நிலநடுக்கம். எங்கு பார்த்தாலும் தீ. பட்டறையில் நிற்கும் வண்டிகள் எல்லாம் வாடிக்கையாளர்களுடையவை. அவற்றை வெளியே கொண்டுபோக வேண்டும். ஹோண்டா தெருவில் கார் ஓட்டியது அன்றைக்குத்தான் முதல்முறை. அதுவும் உயிருக்குப் பயந்து ஓடும் கூட்டத்துக்கு நடுவே.

பட்டறை எரிந்துபோனது. மெக்கானிக்குகளில் பெரும்பாலானோர் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியவர்களில் ஒருவர் ஹோண்டா. தீயில் கருகிய கார்களைத் திரும்ப ஓட வைப்பதுதான் அடுத்த வேலை.

இங்கேதான் அசல் படிப்பு தொடங்கியது. அந்தக் காலத்து கார் சக்கரங்களில் ஆரக்கால்கள் மரத்தால் ஆனவை. எரிந்தால் சாம்பல்தான். புதிதாகச் செதுக்கித்தான் பொருத்த வேண்டும். மாற்று பாகம் வாங்கக் கடை கிடையாது. எந்த பாகம் இல்லையோ, அதைக் கையாலேயே செய்ய வேண்டும். ஒரு காரை ரிப்பேர் செய்வதும், ஒரு காரைச் செய்வதும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பது அந்த வயதிலேயே அவருக்குப் புரிந்துபோனது.

தீயணைப்பு வண்டியும் மாறிய அறையும்

கொஞ்ச நாளில் வட ஜப்பானின் மோரியோகா நகருக்கு ஒரு தீயணைப்பு வண்டியைச் சரிசெய்ய அனுப்பப்பட்டார். வந்திருப்பது சின்னப் பையன் என்றதும் அங்கிருந்தவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. விடுதியில் வேலைக்காரர்கள் பக்கமாக ஒரு மட்டமான அறையைக் கொடுத்தார்கள்.

இவர் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட, பார்த்தவர்களுக்குப் பயமே வந்துவிட்டது. மறுபடி பூட்டி முடித்ததும் இன்ஜின் ஓடியது, குழாயில் தண்ணீர் பீறிட்டது. அன்று இரவே விடுதியின் சிறந்த அறைக்கு மாற்றப்பட்டார். தொழில் தெரிந்தவனுக்குக் கிடைக்கும் மரியாதை என்ன என்பதை அந்த ஒரே நாளில் பார்த்துவிட்டார்.

விமான இன்ஜின் போட்ட கார்

முதலாளி சகாகிபாராவுக்கு ரேஸ் ஆசை இருந்தது. பழைய அமெரிக்க 'மிட்செல்' காரின் சேஸிஸில், 'கர்டிஸ்' விமானத்தின் 8 சிலிண்டர் இன்ஜினைத் தூக்கி வைத்து ஒரு ரேஸ் கார் கட்டினார்கள். அதற்கும் மர ஆரக்கால்களைச் செய்தவர் ஹோண்டா.

1924 நவம்பர் 23-ல் நடந்த போட்டியில் அந்த வண்டிதான் முதல் இடம். முதலாளியின் தம்பி ஓட்ட, பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்திருந்தார் அப்போதுதான் 18 வயது நிறைந்திருந்த ஹோண்டா. ரிப்பேர் பட்டறையில் பிறந்த அந்த கார் இன்றைக்கும் ஜப்பானின் மோட்டெகியில், ஹோண்டா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1928-ல், 21 வயதில், ஹமாமட்சுவில் ஆர்ட் ஷோகாயின் கிளையைத் திறந்தார். அடிக்கடி தொல்லை கொடுத்த மர ஆரக்காலுக்குப் பதிலாக வார்ப்பு இரும்பில் செய்து காப்புரிமை வாங்கினார். அது இந்தியா வரை ஏற்றுமதியானது.

ரேஸ் பித்து மட்டும் விடவில்லை. 1936-ல் தமாகாவா பந்தயத்தில் அவர் கார் கவிழ்ந்தது. அவருக்கு முகத்தில் பலத்த காயம். உடனிருந்த தம்பிக்கு முதுகெலும்பே முறிந்தது.

கை மட்டும் போதாது என்று தெரிந்த நாள்

ரிப்பேர் தொழில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, உதிரிபாகம் தயாரிக்கலாம் என்று பிஸ்டன் ரிங்கில் இறங்கினார். பார்க்க ஒரு சாதாரண வளையம்தானே? ஆனால் வரவே இல்லை. ராத்திரி பகலாக உலைமுன் உட்கார்ந்தும் வார்த்த வளையம் எல்லாம் வீண். கையில் இருந்த காசும் கரைந்தது.

கடைசியில் ஹமாமட்சு தொழில்நுட்பப் பள்ளியின் பேராசிரியர் ஒருவரிடம் போனார். வளையத்தில் சிலிக்கான் போதவில்லை என்றார் அவர். சிலிக்கான் என்ற பொருள் தேவை என்பதே ஹோண்டாவுக்கு அதுவரை தெரியாது!

ஸ்பேனர் கற்றுக்கொடுக்காத பாடம் இது. ஒரு பாகம் உடைந்ததைக் கை கண்டுபிடித்துவிடும். உலோகத்துக்குள் என்ன குறைகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டும். 30 வயதில், தன்னைவிடச் சின்னப் பையன்களோடு வகுப்பில் போய் உட்கார்ந்தார். தனக்குத் தேவையான பாடத்தை மட்டும் கேட்டார். தேர்வு எழுதவில்லை, பட்டமும் வாங்கவில்லை.

அப்புறமும் டொயோட்டாவுக்கு அனுப்பிய முதல் 50 வளையத்தில் தேறியது மூன்றுதான். விடாமல் முயன்று தரத்தை எட்டினார். ஆனால் போரின்போது குண்டுவீச்சில் ஒரு ஆலை போனது. 1945 ஜனவரி நிலநடுக்கத்தில் இன்னொன்றும் சரிந்தது. மிஞ்சியதை டொயோட்டாவுக்கே விற்றுவிட்டார்.

வெந்நீர் டப்பா பெட்ரோல் டேங்க் ஆனது எப்படி?

போர் முடிந்த ஜப்பானில் ரயில், பஸ் எல்லாம் பிதுங்கி வழிந்தன. பெட்ரோலுக்கு ரேஷன். எல்லாருக்கும் சைக்கிள்தான் கதி.

1946-ல் ஹோண்டாவின் கண்ணில் பட்டது, ராணுவம் ரேடியோ கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கப் பயன்படுத்திய ஒரு குட்டி இன்ஜின். அதைச் சரிசெய்து சைக்கிளில் மாட்டினார். டேங்க்? குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க வெந்நீர் ஊற்றி வைக்கும் டப்பாவை எடுத்துப் பொருத்தினார். மனைவி சச்சியை ஓட்டச் சொல்லிப் பார்த்தார்.

கிடைத்த சுமார் 500 இன்ஜினும் விற்றுத் தீர்ந்தது. வேறு வழியில்லாமல் சொந்த இன்ஜின் செய்ய ஆரம்பித்தார். 1948-ல் ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. அடுத்த ஆண்டு கூட்டாளியாக வந்த தக்கேயோ ஃபுஜிசாவா பணம், விற்பனை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள, ஹோண்டா பட்டறையை விட்டு நகரவே இல்லை. 1958-ல் சூப்பர் கப் வந்தது. 1963-ல் முதல் நாலு சக்கர வண்டி வந்தது. அது கார்கூட இல்லை, டி360 என்ற குட்டி லாரி.

சறுக்கிய இடம்

இவரைப் புகழ்ந்து மட்டும் பேசினால் பாதிக் கதைதான். கோபம் வந்தால் ஊழியர்களைக் கை நீட்டி அடிப்பார். தன் கை சொன்னதுதான் சரி என்ற பிடிவாதமும் உண்டு.

1960-களின் கடைசியில், கார் இன்ஜினைத் தண்ணீரால் குளிர்விப்பது வீண் வேலை, காற்றே போதும் என்று உறுதியாக நின்றார். அந்தத் தண்ணீரையும் கடைசியில் காற்றுதானே குளிர்விக்கிறது என்பது அவர் வாதம். ரேஸுக்கும் அதே முறையில் ஒரு கார் தயாரானது. 1968 பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயில் அந்த கார் விபத்தில் சிக்கி எரிந்து, ஓட்டுநர் ஜோ ஷ்லெசர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த ஹோண்டா 1300 காரும் எடுபடவில்லை.

புகையைக் குறைக்கும் இன்ஜினுக்குத் தண்ணீர்க் குளிர்விப்புதான் சரிப்படும் என்று இளம் இன்ஜினியர்கள் சொன்னார்கள். நீங்கள் கம்பெனியின் தலைவரா, இன்ஜினியரா என்று ஃபுஜிசாவா கேட்டார். தலைவர்தான் என்று சொல்லி ஹோண்டா விட்டுக்கொடுத்தார். 1972-ல் வெளியான சி.வி.சி.சி. இன்ஜின், அமெரிக்காவின் கடுமையான புகைக் கட்டுப்பாட்டையே தாண்டிக் காட்டியது. பிஸ்டன் ரிங் காலத்தில் கற்ற அதே பாடத்தை இரண்டாம் முறை கற்றார். 1973-ல் ஃபுஜிசாவாவோடு சேர்ந்து பதவியிலிருந்து விலகினார்.

கிரீஸ் படிந்த கை

ஓய்வுக்குப் பிறகு ஜப்பான் முழுக்கச் சுற்றினார். ஹோண்டா விற்கும் கடைகள், ரிப்பேர் செய்யும் இடங்கள் என்று ஒவ்வொன்றாகப் போய்க் கை குலுக்கி நன்றி சொன்னார். ஒரு ஊழியர் கையில் எண்ணெய் இருக்கிறதே என்று கழுவ ஓடினார். தடுத்து, அந்தக் கையையே பிடித்துக் குலுக்கினார் ஹோண்டா. அவருடைய இடது கை முழுக்கவும் சுத்தியலும் கருவிகளும் பட்ட தழும்புகள்தான்.

1991 ஆகஸ்ட் 5-ல், 84 வயதில் காலமானார். கம்பெனி சார்பில் பெரிய இறுதிச் சடங்கு எதுவும் நடக்கவில்லை. வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். காரணம், கூட்டம் சேர்ந்தால் ரோட்டில் போக்குவரத்து நெரிசல் ஆகும்.

வண்டி செய்தவரால் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது. பட்டறைக்காரருக்குக் கடைசி வரைக்கும் இருந்த கவலை அதுதான்.