கண்ணூர் முதல் மக்டான் வரை: மெகல்லனின் வாழ்வும் முடிவும்

புதுதில்லி, ஏப். 27: உலகை முதன்முதலாகச் சுற்றிவந்த கடற்பயணத்தின் தலைவர் என்று பாடநூல்களில் இடம்பெற்றுள்ள ஃபெர்டினாண்ட் மெகல்லன், அப்பயணத்தின் நிறைவைக் காணவில்லை. 1521-ஆம் ஆண்டு இதே நாளில், இன்றைய பிலிப்பின்ஸின் மக்டான் தீவுக் கரையில் அவர் கொல்லப்பட்டார். அவர் போர் பயின்ற களம் இந்தியக் கடற்கரை என்பது இங்கு பலரும் அறியாதது.

போர்ச்சுகலில் 1480-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த மெகல்லன், முதல் போர்த்துகீசிய அரசப் பிரதிநிதி அல்மெய்டாவின் கடற்படையில் 1505-இல் சாதாரண வீரராக இந்தியா வந்தார். 1506-இல் கண்ணூர்க் கடற்போரிலும், 1509-இல் டையூ போரிலும் பங்கேற்றார். 1510-இல் கொச்சியிலிருந்து தாயகம் திரும்புகையில், லட்சத்தீவுக் கடலில் உள்ள பதுவா திட்டில் அவர் சென்ற கப்பல் சிதைந்தது. உயர்குடியினர் படகுகளில் ஏறிச் செல்ல, தமக்கும் இடமிருந்தும் மெகல்லன் எளிய மாலுமிகளுடன் தங்கிவிட்டார். மீட்புக் கப்பல் வந்த பிறகே அவர் கரை சேர்ந்தார். அவரது வாழ்வில் மனம் கவரும் நிகழ்வு இதுவே எனலாம்.

1511-இல் மலாக்காவைப் போர்த்துகீசியர் கைப்பற்றியபோதும் அவர் அங்கிருந்தார். அங்கு நினா சட்டு என்ற தமிழ் வணிகர் போர்த்துகீசியருக்குத் துணைநின்று உயர்பதவி பெற்றார். மெகல்லனோ என்ரிக் என்ற அடிமையுடன் ஊர் திரும்பினார்.

போர்த்துகீசிய மன்னர் மானுவேல் ஆதரவளிக்க மறுத்ததால், மெகல்லன் ஸ்பெயின் மன்னர் சார்லஸின் பணியில் சேர்ந்தார். மேற்கு வழியாக நறுமணத் தீவுகளை அடையும் நோக்கில், 1519 செப்டம்பரில் ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. தென்னமெரிக்க முனையில் நீரிணையைக் கண்டறிந்து பசிபிக்கில் நுழைந்தவர்கள், மூன்று மாதங்களுக்கும் மேலாகப் புதிய உணவின்றித் தவித்தனர்.

1521 மார்ச் 6-இல் குவாம் தீவை அடைந்தனர். கப்பலில் ஏறிய சமோரோ மக்கள் கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டதோடு சிறு படகு ஒன்றையும் கொண்டுசென்றனர். வந்தவரின் பொருளைப் பகிர்ந்துகொள்வது அத்தீவின் வழக்கமாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. மெகல்லன் நாற்பது வீரர்களுடன் கரையிறங்கி, நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்; எழுவர் உயிரிழந்தனர். ஒரு படகுக்கு அவர் வசூலித்த விலை இது. போதாக்குறைக்கு, அத்தீவுகளுக்குத் திருடர் தீவுகள் என்ற பெயரையும் சூட்டிச் சென்றார்.

மாத இறுதியில் பிலிப்பின்ஸின் லிமசாவா தீவில், என்ரிக் பேசிய மலாய் மொழி அங்குள்ளோருக்குப் புரிந்தது. அடுத்து செபு துறையில் மன்னர் ஹுமாபோன் சுங்கம் கேட்டபோது, சயாமிலிருந்து வந்திருந்த வணிகர் ஒருவர், கோழிக்கோட்டையும் மலாக்காவையும் வென்றவர்கள் இவர்களே என்று மன்னரை எச்சரித்ததாகப் பயணக் குறிப்பாளர் பிகாஃபெட்டா பதிந்துள்ளார். மலபார்க் கரையின் செய்தி மெகல்லனுக்கு முன்பே செபுவை எட்டியிருந்தது. ஹுமாபோன் பணிந்து, ஏப்ரல் 14-இல் ஞானஸ்நானம் பெற்றார்.

பணிய மறுத்தவர் மக்டான் தலைவர் லாபுலாபு. செபு வீரர்கள் படகுகளில் இருந்து பார்த்தால் போதும் என்று கூறிவிட்டு, மெகல்லன் தம் ஆட்கள் அறுபது பேருடன் சென்றார். கடல் வற்றியிருந்ததால் பவளப்பாறைகளைத் தாண்டிப் படகுகள் நெருங்க இயலவில்லை. பீரங்கிக் குண்டுகள் கரையை எட்டவில்லை. தொடையளவு நீரில் நடந்து சென்றவர்களைப் பல நூறு தீவுவாசிகள் சூழ்ந்தனர். கவசமற்ற கால்களையே அவர்கள் குறிவைத்தனர். மெகல்லன் நீரிலேயே வீழ்ந்தார்.

தாம் இறந்தால் என்ரிக்குக்கு விடுதலை என மெகல்லன் உயிலில் எழுதியிருந்தார். புதிய தலைவர்கள் அதை மதிக்கவில்லை. சில நாள்களில் ஹுமாபோன் அளித்த விருந்தில் கப்பலினர் பலர் வெட்டப்பட்டனர். அது என்ரிக்கின் சூழ்ச்சி என்கிறார் பிகாஃபெட்டா. அதன்பின் என்ரிக் குறித்த தடயம் இல்லை.

1522 செப்டம்பரில் விக்டோரியா என்ற ஒரே கப்பல், பதினெட்டு பேருடனும் கிராம்புச் சரக்குடனும் ஸ்பெயின் திரும்பியது. மெகல்லனின் உடலுக்கு ஈடாகக் கேட்ட அளவு பொருள் தருவதாகச் சொல்லியும் மக்டான் மக்கள் அதை ஒப்படைக்கவில்லை.