உடையும் உள்ளமும்: உமறுப் புலவர் வாழ்வில் ஒரு பாடம்

காரைக்கால் முஸ்லிம்களுக்குக் கடல் கடந்த சபர் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே சைகோன் வரை சென்று வணிகம் செய்தவர்கள் நம் முன்னோர். இன்று பிரான்சிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் நம் பிள்ளைகள் பல நாட்டு மக்களோடு பழகி வருகிறார்கள். உடையும் உணவும் பேச்சும் வேறான ஒருவரை முதன்முதலாகச் சந்திக்கையில் எப்படி நடந்துகொள்வது? உமறுப் புலவர் (ரஹ்) அவர்களின் வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது.

1642ஆம் ஆண்டில் பிறந்த உமறு எட்டயபுரத்தில் வளர்ந்தார். அங்கே அரண்மனைப் புலவராயிருந்த கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றார். ஆசிரியர் இந்து, மாணவர் முஸ்லிம். கல்விக்கு அது தடையாகவில்லை. ஆசிரியருக்குப் பின் உமறுவே அரண்மனைப் புலவரானார்.

கீழக்கரை வள்ளல் சீதக்காதி, நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாக்கித் தரும்படி உமறுவை வேண்டினார். செய்திகளோ அரபு நூல்களில் இருந்தன. அவற்றைக் கேட்டறிய மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை நாடிச் சென்றார் உமறு.

அரண்மனைப் புலவர்க்குரிய கோலத்தில் அவர் போய் நின்றாராம். அது அக்காலத்து இந்துப் புலவர்களின் உடையாகவே தோன்றியதால், இப்பணிக்கு இவர் ஏற்றவரல்லர் என்றெண்ணி அப்பா அவர்கள் மறுத்துவிட்டார்களாம். நாயகத்தின் வரலாறு பழுதுபட்டுவிடக் கூடாதே என்ற கவலைதான் அதற்குக் காரணம்.

உமறு மனம் நொந்தார். ஆனால் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பவில்லை. பள்ளிவாசலில் தங்கி இறைவனிடம் இறைஞ்சினார். அன்றிரவு கண்ட கனவினால் அப்பா அவர்களின் மனம் மாறியது என்பது வழிவழியாக வரும் செய்தி. மறுத்தவர்களே அவரை ஏற்று உதவினார்கள். பின்னர்ப் பரங்கிப்பேட்டையிலும் ஆலிம் ஒருவரிடம் வரலாற்றைக் கேட்டுப் பாடலானார். நூல் முடியுமுன் சீதக்காதி காலமாகிவிட, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரித்தார்.

இவ்வாறு உருவானதே 5027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணம். அதில் அரபு நாட்டைப் பாடுகையில் மழையும் ஆறும் உழவும் அறுவடையும் வருகின்றன. தமிழர் அறிந்த காட்சிகளால் தமிழரோடு பேசினார் புலவர். கொள்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1703ஆம் ஆண்டில் காலமான அன்னார் எட்டயபுரத்தில் அடங்கியுள்ளார்.

கோலத்தைக் கண்டு சொன்ன முதல் மறுப்பே முடிவாகியிருந்தால் இந்நூல் நமக்குக் கிடைத்திராது. ஒரு மேதை தம் முடிவை மாற்றிக்கொண்டார்கள். ஒரு புலவர் பொறுமை காத்தார். அயல்நாட்டில் வேலை செய்யும் மகனுக்கும், அடுத்த வீட்டாரோடு பழகும் நமக்கும் இவ்விரு பண்புகளும் தேவை. பிறரைப் பற்றி முடிவு கட்டுமுன் அவரோடு பேசுவோம். அவர் சொல்வதைக் கேட்போம். அல்லாஹ் நமக்கு அத்தகைய உள்ளத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.