கோயில் வேண்டாம் என்ற சாமியார்: ஆலத்தூர் பிரம்மானந்த சிவயோகி

பாலக்காட்டிலிருந்து திருச்சூர் செல்லும் பெரிய சாலையில் இருக்கிறது ஆலத்தூர். கோயமுத்தூரில் சரக்கு ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போகும் நம் லாரி டிரைவர்களுக்கு அந்த ஊர் நன்றாகத் தெரியும். கட்டட வேலைக்கு எர்ணாகுளம் போய் வரும் நம் ஆட்களுக்கும் அது பழகிய ஊர்தான்.

அந்த ஊரில் சித்தாசிரமம் என்று ஓர் ஆசிரமம் உண்டு. அதை நிறுவியவர் பிரம்மானந்த சிவயோகி. நாராயண குரு, சட்டம்பி சுவாமி, அய்யன்காளி ஆகியோருடன் சேர்த்து மலையாளிகள் பெருமையாகச் சொல்லும் பெயர் அது. சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அவருடைய பெயரையும் புத்தகங்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அவர் வாழ்ந்த ஜில்லாவிலேயே பிழைக்கும் தமிழர்களாகிய நம்மில் பலர் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை.

ஆசிரமம் என்றதும் சிலையும் பூஜையும் பிரசாதமும் நம் நினைவுக்கு வரும். இந்த ஆசிரமத்தை அமைத்தவரோ அவை எதுவுமே வேண்டாம் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர். சாமியார் என்று பெயர் பெற்ற ஒருவர் எப்படி அந்த முடிவுக்கு வந்தார்? அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது? அதைத் தெரிந்துகொள்வது நமக்கும் உபயோகமானது.

கொல்லங்கோட்டுப் பிள்ளை

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு வரும் ரயில் பாதையில் முதலமடைக்கு அடுத்த ஸ்டேஷன் கொல்லங்கோடு. பழனிக்குக் காவடி எடுத்துப் போகிற மலையாள பக்தர்கள் காலம் காலமாகப் போய் வரும் வழி அது. அந்த ஊரில், நாயர் குடும்பம் ஒன்றில், 1852-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி பிறந்தார் சிவயோகி. பெற்றோர் இட்ட பெயர் கோவிந்தன்குட்டி.

அந்தக் காலத்தில் பாலக்காடு மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. மலபார், சென்னை ராஜதானிக்கு உட்பட்டது. கொல்லங்கோட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் ஒரே சர்க்கார், ஒரே கவர்னர்.

கோவிந்தன்குட்டி சமஸ்கிருதத்தை முறையாகக் கற்றார். பிறகு பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருத ஆசிரியராக வேலை பார்த்தார். துறவு பூண்டு காட்டுக்குப் போனவர் அல்ல. மணம் செய்துகொண்டு குடும்பம் நடத்தியவர். அவருடைய மனைவியும் அவரோடு யோகம் பயின்றார். பின்னாளில் யோகினி மாதா என்று அந்த அம்மையார் அழைக்கப்பட்டார்.

அவருடைய சமஸ்கிருதப் படிப்பை இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சாஸ்திரம் இப்படிச் சொல்கிறது, அப்படிச் சொல்கிறது என்று பிறர் சொல்லக் கேட்டுத் தலையாட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. தாமே எடுத்துப் படித்தார். சாதியைப் பற்றியும் சடங்கைப் பற்றியும் கண்ணெதிரே நடந்ததையும், ஏட்டில் இருந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோழிக்கோட்டுப் பிரம்ம சமாஜத்தாரோடும் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. ராஜா ராம்மோகன் ராய் வங்காளத்தில் தொடங்கிய அந்த இயக்கம், சிலை வணக்கத்தையும் சாதியையும் ஏற்காதது.

அன்றைய மலபார்

அன்றைய நிலைமையைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய துணிச்சல் புரியும். மலபாரில் தீண்டினால் மட்டும் தீட்டு அல்ல. இன்ன சாதிக்காரன் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கே இருந்தது. கோயிலுக்குள் நுழைவது இருக்கட்டும், கோயிலை ஒட்டிய தெருவில் நடப்பதற்கே உழைப்பாளி மக்களில் பெரும்பகுதியினருக்கு உரிமை இல்லாமல் இருந்தது.

1924-ல் பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேர்த் திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருவுக்குள் நடந்து போன ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். அதே ஆண்டில்தான் தெற்கே வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. ஈரோட்டிலிருந்து போய்ச் சிறைப்பட்ட பெரியாரின் பெயரால் அது நமக்கெல்லாம் தெரிந்த கதை. இந்த இரண்டும் நடப்பதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன்பே, ஆலத்தூரில் உட்கார்ந்து சிவயோகி எழுதத் தொடங்கிவிட்டார்.

மூன்று வழிகள்

தாழ்த்தி வைக்கப்பட்ட மக்களுக்குப் பெரியவர்கள் காட்டிய வழிகள் பல. நாராயண குரு 1888-ல் அருவிப்புறத்தில் தாமே சிவனைப் பிரதிஷ்டை செய்தார். கோயில் மறுக்கப்பட்டவர்களுக்குக் கோயில் கட்டிக் கொடுத்தது அவருடைய வழி. அவரும் பிற்காலத்தில், 1927-ல், களவங்கோட்டில் சிலைக்குப் பதில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார்.

நம் பக்கத்தில் வள்ளலார் 1872-ல் வடலூரில் சத்திய ஞான சபையைத் திறந்தார். அங்கே சிலை கிடையாது. ஜோதி ஒன்றே வழிபாடு.

சிவயோகி இவர்களையும் தாண்டிப் போனார். சிலையும் வேண்டாம், கோயிலும் வேண்டாம், தீர்த்த யாத்திரையும் வேண்டாம், ஆடு கோழி பலியிடுவதும் வேண்டாம் என்றார். 1905-ல் வெளிவந்த மோட்ச பிரதீபம் என்ற நூலில் இந்த வாதங்களை அடுக்கினார். சிலை வணக்கத்தைக் கண்டிப்பதற்கென்றே தனி நூல் ஒன்றும் எழுதினார். பெண்கள் படிக்க வேண்டும் என்பதற்காக 1899-லேயே ஸ்திரீ வித்யாபோஷிணி என்ற நூலை எழுதியவரும் அவர்தான்.

மனமே அளவுகோல்

எல்லாவற்றையும் மறுத்துவிட்டு அவர் கைவிரிக்கவில்லை. தம் கொள்கைக்கு ஆனந்த மதம் என்று பெயர் வைத்தார். அதைப் பரப்புவதற்கு 1918-ல் ஆனந்த மகாசபையைத் தொடங்கினார்.

அவருடைய வாதம் எளிமையானது. எல்லா உயிர்களும் தேடுவது ஆனந்தத்தை. பணம் தேடுகிறவனும் அதைத்தான் தேடுகிறான். சாமி கும்பிடுகிறவனும் அதைத்தான் தேடுகிறான். அந்த ஆனந்தம் தெரிவது எங்கே? மனத்தில். துக்கம் தெரிவதும் அதே மனத்தில்தான். ஆகவே சொர்க்கம், நரகம் என்று தனியாக வேறு இடங்கள் இல்லை. மனம் அடங்கி அமைதியாக இருப்பது சொர்க்கம். அது அலைபாய்ந்து தவிப்பது நரகம். மனத்தைச் சீர்ப்படுத்த ராஜயோகம் பழகினால் போதும். இடையில் தரகர் தேவையில்லை.

மனத்துக்குச் சாதி இல்லை. அதனால் ஆனந்தத்துக்கும் சாதி இல்லை. ஆணின் மனம், பெண்ணின் மனம் என்ற பேதமும் இல்லை. ஒரே வாதத்திலிருந்து சாதி ஒழிப்பும் பெண் கல்வியும் கிளை விட்டன.

எந்த ஏட்டில் எழுதியிருந்தாலும், எத்தனை பெரிய மனிதர் சொன்னாலும், உன் மனத்தில் வைத்து நிறுத்துப் பார் என்பதே அவருடைய போதனையின் சாரம்.

நியாயமான ஒரு மறுப்பு

இதைப் படிக்கிற வாசகர்களில் பலர் உடன்பட மாட்டார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது.

மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட் லயங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேயிலை பறிக்கப் பல தலைமுறைக்கு முன் மலையேறிய நம் ஜனங்கள், லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் இடம் பிடித்துக் கொடுத்தார்கள். சொந்த நிலம் இல்லை, வீடு கம்பெனியுடையது, பேச்சும் வேறு பாஷைக்காரர்களோடு. திருவிழா நாளில்தான் அது தங்கள் ஊர் போல இருக்கும். பிரிந்த உறவுகள் கூடும். பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையும். பழைய சண்டை தீரும். இப்படிப்பட்டவர்களிடம் போய்க் கோயில் வேண்டாம் என்றால், கடவுளை மட்டுமா விடச் சொல்கிறோம்? ஊரையே விடச் சொல்வதாக அல்லவா ஆகும்?

கூட்டத்தோடு சேர்ந்து கும்பிடுவதால் ஏழைக்குக் கிடைக்கும் தைரியத்தைச் சிவயோகியின் வாதம் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றே தோன்றுகிறது. தனியாக உட்கார்ந்து மனத்தை அடக்குவது படித்த ஆசிரியருக்கு ஆகும். பொழுது விடிந்தால் கொழுந்துக் கூடை சுமப்பவருக்கு ஆகுமா?

இந்தக் கேள்விக்கு விடை ஆலத்தூரில் கிடைக்கவில்லை. வடக்கே, அவருடைய சீடர் ஒருவர் மூலம் கிடைத்தது.

மாறுபட்ட சீடர்

கண்ணூர் பக்கத்துப் பாட்டியத்தில் 1885-ல் பிறந்தவர் வயலேரி குஞ்ஞிக்கண்ணன். வி.கே. குருக்கள் என்று பேர் பெற்ற சமஸ்கிருத பண்டிதர். சிவயோகியின் கொள்கையில் ஈடுபட்டு அவரிடம் வந்தார். இவருடைய சொல்வன்மையைக் கண்டு வாக்படானந்தர் என்று பெயர் சூட்டியவர் சிவயோகியே.

ஆனால் சில காலத்தில் சீடர் மாறுபட்டார். சாதியும் சிலை வணக்கமும் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. மனத்தின் ஆனந்தத்துக்கு மேல் வேறு பரம்பொருள் தேவையில்லை என்பதைத்தான் வாக்படானந்தரால் ஏற்க முடியவில்லை. அவர் அத்வைதத்தில் நிலைத்தார். 1917-ல் ஆத்ம வித்யா சங்கம் என்று தனி அமைப்பைத் தொடங்கினார்.

சிலையை விட்டவன் குருவைப் பிடித்துக்கொண்டால் என்ன லாபம் என்று சிலர் கேட்பதுண்டு. வாக்படானந்தர் அப்படிப் பிடித்துக்கொள்ளவில்லை. நிறுத்துப் பார் என்று குரு கற்றுக் கொடுத்தார். சீடர் குருவின் சொல்லையே நிறுத்துப் பார்த்தார். சிவயோகியின் போதனைக்கு இதைவிடப் பெரிய பரீட்சை வேறு இல்லை.

கூலியை இழந்தவர்கள்

வடகரைக்கு அடுத்த ஸ்டேஷன் நாதாபுரம் ரோடு. அதன் பக்கத்தில் உள்ள காரக்காட்டில் கூலிவேலை செய்த வாலிபர்கள் வாக்படானந்தரின் பேச்சைக் கேட்டு ஆத்ம வித்யா சங்கத்தில் சேர்ந்தார்கள். பழைய சடங்குகளை விட்டார்கள். மேல்சாதிக்காரர் முன் ஒடுங்கி நிற்பதையும் விட்டார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலும் இடமில்லாமல் போனது. சொந்த புத்தியால் யோசித்ததற்குக் கொடுத்த விலை, அன்றாடக் கூலி.

அவர்கள் பின்வாங்கவில்லை. தங்களுக்கென்று பள்ளிக்கூடம் அமைத்தார்கள். ஐக்கிய நாணய சங்கம் வைத்தார்கள். 1925-ல் 14 பேர் சேர்ந்து கூலிவேலைக்காரர்களின் பரஸ்பர உதவிச் சங்கத்தைத் தொடங்கி, தாங்களே ரோடு வேலைகளைக் காண்டிராக்ட் எடுத்துச் செய்தார்கள். அதுதான் இன்று கேரளம் முழுவதும் சாலையும் பாலமும் கட்டும் ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். பல ஆயிரம் பேருக்கு அது வேலை கொடுக்கிறது. 2025-ல் நூறு ஆண்டு நிறைந்தது.

கோயில் கூட்டத்தில் ஏழைக்குக் கிடைத்த தைரியம், இங்கே சங்கத்தில் கிடைத்தது. யோசிப்பது ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டிய காரியம். அதன் விளைவைத் தாங்குவதற்குத் துணை வேண்டும். காரக்காட்டுத் தொழிலாளிகள் அந்தத் துணையைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

மறைவு

சிவயோகி 1929-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி ஆலத்தூரில் காலமானார். வயது 77. ஆனந்த மதத்தில் பெருங்கூட்டம் சேரவில்லை. கேரளத்தில் கோயில்களும் குறையவில்லை. சபரிமலைக்கும் பழனிக்கும் போகிற ரயில்களில் சீசனில் நிற்க இடம் கிடைப்பதில்லை. கணக்குப் பார்த்தால் அவர் தோற்றவர் என்றுகூடச் சிலர் சொல்லக்கூடும்.

ஆனால் அவரிடம் கற்று, அவரோடு மாறுபட்ட ஒருவரால் காரக்காட்டுக் கூலிக்காரர்கள் நிமிர்ந்து நின்றார்கள். அவர்கள் போட்ட ரோட்டில் கோயிலுக்குப் போகிறவர்களும் போகிறார்கள், போகாதவர்களும் போகிறார்கள்.