கேரி கில்டால்: சிறு கணிப்பொறிக்கு அசெம்பிளர் தந்தவர்

கேரி கில்டால் என்றதும், ஐ.பி.எம். நிறுவனத்தின் வாய்ப்பைக் கோட்டைவிட்டவர் என்றே பலரும் சொல்வர். ஒருவர் வாழ்வை அவர் கைக்கு எட்டாத பணத்தைக் கொண்டு அளப்பது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வேலைக்குக் கருவி கொடுத்தவரையே பெரியவராக எண்ணுகிறேன்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1942 மே 19-இல் பிறந்தார் கில்டால். குடும்பத்தார் மாலுமிப் பயிற்சிப் பள்ளி நடத்தி வந்தனர். கணித ஆசிரியராகும் ஆவலுடன் வாஷிங்டன் பல்கலைக்கழகம் சென்றவரைக் கணிப்பொறி ஈர்த்துக்கொண்டது. மான்டரே நகரின் கடற்படைக் கல்விக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே 1972-இல் முனைவர் பட்டமும் பெற்றார். இன்டெல் நிறுவனத்துக்கும் ஆலோசகரானார்.

அந்நாளில் நுண்செயலிக்கு நிரல் எழுதப் பெரிய கணிப்பொறியின் துணை வேண்டும். இல்லையேல் கட்டளைகளைக் கையாலேயே எண்களாக்க வேண்டும். இரண்டாவதன் துன்பம் நமக்குத் தெரிந்ததே! ஆய்வகத்தில் 8085 கிட்டின் முன் ஆப்கோடு தாளைப் பார்த்துப் பார்த்து விசையை அழுத்துகிறோம் அல்லவா? நம் மலையின் 365 படிகளுக்கும் எண் எழுதியிருப்பதாகக் கொள்ளுங்கள். நடுவே புதிதாக ஒரு படி வைத்தால் அதற்கு மேலுள்ள எண்கள் எல்லாம் மாறிவிடும். நிரலின் நடுவே ஒரு கட்டளை சேர்த்தாலும் அதே கதிதான். தாவல் கட்டளைகளின் முகவரிகளைத் தேடித் தேடித் திருத்த வேண்டும். அசெம்பிளர் இருந்தால் இடத்துக்கு ஒரு பெயர் வைத்தால் போதும், முகவரிக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும்.

1974-இல் கில்டால் உருவாக்கிய சி.பி.எம். இயக்க அமைப்பு, நெகிழ்வட்டு பூட்டிய சிறு கணிப்பொறியிலேயே இவ்வேலையை முடிக்க வழி செய்தது. எட் என்பதில் நிரலை எழுதி, ஏ.எஸ்.எம். என்னும் அசெம்பிளரிடம் கொடுத்து, லோடு மூலம் இயங்கும் கோப்பாக்கி, டி.டி.டி.யில் ஒவ்வொரு கட்டளையாக ஓட்டிப் பிழை பார்க்கலாம். (பிழையைப் பூச்சி என்பது கணிப்பொறியாளர் வழக்கு, பூச்சிக்கொல்லியின் பெயர் பொருத்தந்தானே!) இவை 8080 நுண்செயலிக்கு எழுதப்பட்டவை. நமது 8085-இல் அதற்கு மேல் உள்ளவை ரிம், சிம் என்னும் 2 கட்டளைகளே.

1980-இல் ஐ.பி.எம். நாடி வந்தது, பேச்சு கைகூடவில்லை. மறு ஆண்டு வெளிவந்த அதன் கணிப்பொறியில் மைக்ரோசாஃப்டின் டாஸ் இடம்பெற்றது. அந்த டாஸும் சி.பி.எம்.மை ஒட்டியே அமைந்தது என்பதைப் பலர் சொல்வதில்லை.

1994 ஜூலை 11-இல், 52-ஆம் வயதில் கில்டால் மான்டரேயில் காலமானார். 2014-இல் பசிபிக் குரோவ் நகரில், அவருடைய நிறுவனம் இயங்கிய கட்டடத்தின் முன் நினைவுப் பலகை பதித்தனர். 2022-இல் சி.பி.எம்.மை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த உரிமையாளர் இசைவளித்தார். சொந்தக் கணிப்பொறி இல்லாத நான், பழைய கணிப்பொறி போல நடிக்கும் செயலி கொண்டு கைப்பேசியிலேயே ஏ.எஸ்.எம்.மை ஓட்டுகிறேன்.