57 கிலோ பயில்வான் கசாபா ஜாதவ்

குஸ்தி என்றதும் நம்மவர்களுக்கு நினைவில் வருவது கிங்காங், தாராசிங் பெயர்கள்தான். சுவரொட்டியில் மலைபோல நின்ற உருவங்களைப் பார்த்தே டிக்கெட் வாங்கிய கூட்டம் அது. எடை குறைந்த பயில்வான்களை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் தனிநபர் பதக்கம் வாங்கித் தந்தவர் 57 கிலோ பிரிவில் மோதியவர். பார்சல் ஆபீஸ் தராசில் 75 கிலோ அரிசி மூட்டை அவரைவிடக் கனமாகக் காட்டும். அவர் பெயர் கசாபா தாதாசாகிப் ஜாதவ்.

மராட்டிய மாநிலம் சத்தாரா மாவட்டத்தில் கராடு ஊருக்குப் பக்கத்தில் கோலேஸ்வர் என்ற கிராமம். 1926 ஜனவரி 15-ந் தேதி அங்கே பிறந்தார். ஐந்து ஆண் மக்களில் கடைக்குட்டி. தந்தையும் பயில்வான், மகனை 5 வயதிலேயே கோதாவில் இறக்கிவிட்டார். நம் மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டு எப்படியோ, அந்தச் சீமையில் குஸ்தி அப்படி. திருவிழா தோறும் பந்தயக் குஸ்தி உண்டு. ஜெயித்தவருக்குப் பணமுடிப்பு, தலைப்பாகை. அதை நம்பியே பிழைத்த பயில்வான்களும் இருந்தார்கள்.

1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில், பள்ளிப் பருவத்திலேயே, தலைமறைவுத் தொண்டர்களுக்கு இடம் கொடுத்து உதவினார். பிறகு கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் சேர்ந்தார்.

லண்டனில் மெத்தை

1948 லண்டன் ஒலிம்பிக். செலவைக் கோலாப்பூர் மகாராஜா ஏற்றுக்கொண்டார். இங்கே மண்ணில் பிடித்துப் பழகியவருக்கு அங்கே மெத்தை விரித்திருந்தது. மண்ணில் கால் பதியும், மெத்தையில் வழுக்கும். பிடிகளும் வேறு, புள்ளிக் கணக்கும் வேறு. அப்படியிருந்தும் 52 கிலோ பிரிவில் 6-வது இடம் பிடித்தார். ஊர் திரும்பியதும் அடுத்த நான்கு ஆண்டும் அவருக்கு அதே சிந்தனைதான். எடையைக் கூட்டி 57 கிலோ பிரிவுக்கு மாறினார்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் வந்தபோது அவர் பெயர் பட்டியலில் இல்லை. சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் வேண்டுமென்றே தனக்கு ஒரு புள்ளி குறைத்துப் போட்டார்கள் என்பது அவருடைய புகார். சும்மா இருக்கவில்லை; பாட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டார். மறுபடி ஒரு தேர்வுப் போட்டி வைக்கப்பட்டது. அதில் எதிராளியை மல்லாத்தி இடம் பிடித்தார்.

வீடு அடகு போனது

இடம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. ஊர் ஊராகத் துண்டேந்தாத குறைதான். கிராமத்துக் கடைக்காரர்கள் மளிகைச் சாமான் கொடுத்தார்கள். மற்றவர்கள் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். போடி மெட்டும் கம்பம் மெட்டும் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வரும் நம் ஜனங்களுக்கு இது புதிதல்ல. ஊரில் ஒரு பையனைப் படிக்க வைக்கக் கூலியில் பிடித்துக் கொடுத்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். அப்படியும் போதவில்லை. கடைசியில் ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்தேகர் தம் சொந்த வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். தங்கம் சவரன் நூறு ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. கல்லூரி முதல்வர் உத்தியோகத்தில் இருப்பவர் ஒரு மாணவனின் குஸ்திக்காக வீட்டை எழுதிக் கொடுத்தார் என்றால், அவர் வீட்டார் அன்றிரவு எப்படித் தூங்கியிருப்பார்கள்!

ஹெல்சிங்கியில் ஜாதவ் வரிசையாகக் கனடா, மெக்சிகோ, ஜெர்மனி வீரர்களை வென்றார். அடுத்து ஜப்பானின் இஷி. நெடுநேரம் நடந்த அந்தப் போட்டியில் புள்ளிக் கணக்கில் தோற்றார். மூச்சு வாங்கி முடிவதற்குள் சோவியத் வீரர் மமத்பெயோவுடன் மோதச் சொன்னார்கள். விதிப்படி அரைமணி ஓய்வு உண்டு. அதை எடுத்துச் சொல்ல இந்திய அதிகாரி ஒருவரும் அங்கே இல்லை. களைத்த உடம்போடு இறங்கித் தோற்றார். தங்கம் இஷிக்கு, வெள்ளி சோவியத் வீரருக்கு, வெண்கலம் ஜாதவுக்கு. தேதி 1952 ஜூலை 23. சக மராட்டிய வீரர் மங்காவே 62 கிலோ பிரிவில் 4-வது இடத்தில் நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். மறுநாள் ஹாக்கி அணி தங்கம் வென்றது. மல்யுத்த வெண்கலம் பின்னுக்குப் போனது.

கராடு மட்டும் பின்னுக்குத் தள்ளவில்லை. ரயிலில் வந்து இறங்கியவரை நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் வரவேற்றன. ஸ்டேஷனிலிருந்து மகாதேவர் கோயிலுக்குக் கால்மணி நேர வழி. ஊர்வலம் போய்ச்சேர 7 மணி நேரம் ஆனதாகச் சொல்வார்கள்.

மாலை வாடுவதற்குள் ஜாதவ் செய்த காரியம் ஒன்று உண்டு. கோலாப்பூரில் டிக்கெட் வைத்துக் குஸ்திப் பந்தயங்கள் நடத்தினார். தானும் கோதாவில் இறங்கி மோதி ஜெயித்தார். வசூலான பணத்தைக் கர்தேகரிடம் கொடுத்து வீட்டை மீட்டார். ஒலிம்பிக் பதக்கத்தைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

காக்கிச் சட்டை

1955-ல் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். முழங்கால் காயத்தால் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை. போலீசாருக்குப் பயிற்சி கொடுத்தார். 1983-ல் உதவிக் கமிஷனராக ஓய்வு பெற்றார். அதன் பிறகு ஓய்வூதியத்துக்காக அலைய வேண்டியிருந்தது. ஒரு கோப்பு இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு நகர எத்தனை நாளாகும் என்பது குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்குத் தெரியாததா? ஒலிம்பிக் பதக்கம் வைத்திருந்தவருக்கும் அதே வரிசைதான்.

1984 ஆகஸ்ட் 14-ந் தேதி சாலை விபத்தில் இறந்தார். உயிரோடு இருந்தவரை பத்ம விருதோ அர்ஜுனா விருதோ வந்து சேரவில்லை.

அவருக்குப் பிறகு ஒலிம்பிக்கில் தனிநபர் பதக்கம் வாங்க இந்தியா 44 ஆண்டு காத்திருந்தது. 1996 அட்லாண்டாவில் டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் வெண்கலம் வென்றார். அப்போதுதான் பத்திரிகைகள் ஜாதவ் யார் என்று தேடின. அர்ஜுனா விருது, அவர் மறைந்து பதினாறு ஆண்டுக்குப் பிறகு, 2000-ம் ஆண்டுக்கு உரியதாக வந்தது. 2010-ல் டெல்லியில் காமன்வெல்த் போட்டி நடந்தபோது இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்து மல்யுத்த அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள்.