சிறை சென்ற நாடகக் கலைஞர், சிரிக்க வைத்த பவானி சங்கர்: உத்பல் தத்தின் பன்முக வாழ்க்கை

கொல்கத்தா: கொல்கத்தாவின் துறைமுகப் பகுதியான கிடர்பூரில் வளர்ந்து, பின்னர் சென்னையிலும் சில ஆண்டுகள் வாழ்ந்தவர் வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத். அவரது வாழ்க்கை 1950-ஆம் ஆண்டு திரைப்படமானபோது, கவிஞரின் வேடத்தை ஏற்றுத் திரையுலகில் அறிமுகமானார் இளம் நாடக நடிகர் உத்பல் தத். பிற்காலத்தில் நாயகன், வில்லன், நகைச்சுவை, குணச்சித்திரம் என எவ்வேடத்தையும் ஏற்கவல்ல நடிகராக அவர் விளங்கினார். எனினும், அவரது உயிர்மூச்சாக இருந்தது மேடையே.

1929 மார்ச் 29 அன்று பிறந்த உத்பல் தத், கொல்கத்தா புனித சேவியர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றார். இந்தியாவெங்கும் ஷேக்ஸ்பியர் நாடகங்களை நடத்திவந்த ஜெஃப்ரி கெண்டலின் குழுவில் இணைந்து நடிப்புப் பயிற்சி பெற்றார். ஆங்கில நாடகங்கள் சிறு வட்டத்தினரையே சென்றடைவதை உணர்ந்த அவர், தமது 'லிட்டில் தியேட்டர் குரூப்' நாடகக் குழுவை வங்கமொழியின் பக்கம் திருப்பினார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் அவலத்தைச் சித்திரித்த 'அங்கார்' (1959), மினர்வா அரங்கில் பெரும் வரவேற்பைப் பெற்றது. வெள்ளத்தில் மூழ்கும் சுரங்கத்தை ஒளியமைப்பின் மூலம் மேடையில் காட்டினார் தாபஸ் சென்.

1946-ஆம் ஆண்டின் கடற்படை எழுச்சியை மையமாகக் கொண்ட 'கல்லோல்' நாடகம் 1965-இல் அரங்கேறியது. அந்த எழுச்சியின்போது காங்கிரஸ் தலைமை எடுத்த நிலைப்பாட்டை அந்நாடகம் கடுமையாக விமர்சித்தது. அதே ஆண்டில், காங்கிரஸ் ஆட்சியிலிருந்த மேற்கு வங்கத்தில் உத்பல் தத் கைது செய்யப்பட்டு, விசாரணையின்றிப் பல மாதங்கள் சிறையில் வைக்கப்பட்டார். நாடகமே இதற்குக் காரணம் எனப் பரவலாகக் கருதப்பட்டது. ஆயினும், அவர் சிறையிலிருந்த நாட்களிலும் 'கல்லோல்' தொடர்ந்து மேடையேறியது.

மிருணாள் சென் இயக்கிய 'புவன் ஷோம்' (1969) படத்தில் கண்டிப்பு மிக்க ரயில்வே அதிகாரியாக நடித்து, சிறந்த நடிகருக்கான தேசிய விருதை வென்றார். 'கோல்மால்' (1979) இந்திப் படத்தில் மீசையை வைத்தே மனிதரை எடைபோடும் முதலாளி பவானி சங்கராக நாடு முழுவதும் அறியப்பட்டார். அப்படம் 1981-இல் தமிழில் 'தில்லு முல்லு' என வெளிவந்தபோது, அவ்வேடத்தை ஏற்றவர் தேங்காய் சீனிவாசன். 'கோல்மால்', 'நரம் கரம்', 'ரங் பிரங்கி' ஆகிய மூன்று படங்களுக்காகச் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதுகளையும் பெற்றார். வணிகப் படங்களில் ஈட்டிய வருவாய், அவரது நாடகப் பணிக்குத் துணைநின்றது.

சத்யஜித் ராயின் படங்களில் அவரது நடிப்பாற்றலின் வெவ்வேறு முகங்கள் வெளிப்பட்டன. 'ஜொய் பாபா ஃபெலுநாத்' படத்தில் இனிக்கப் பேசி அச்சுறுத்தும் கடத்தல்காரர், 'ஹீரக் ராஜார் தேஷே' (1980) படத்தில் கொடுங்கோல் மன்னர், ராயின் இறுதிப் படமான 'ஆகந்துக்'கில் (1991) நீண்டகாலத்துக்குப் பின் நாடு திரும்பும் மாமா என ஒன்றுக்கொன்று தொடர்பற்ற வேடங்கள் அவை.

உத்பல் தத் 1993 ஆகஸ்ட் 19 அன்று கொல்கத்தாவில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 64.